முள் அரக்கு நிறத்துக்குப் போனால் என்ன செய்வாய்? குழந்தைக்குக் காட்டுத்தீ அபாயம் சொல்லித்தர ஐந்து வழிகள்

"பின்வேலியைத் தாண்டினால் யூகலிப்டஸ் காடு. வீடு பார்க்க வந்தபோது அதுதான் மனசைப் பறித்தது. இப்போது கோடை நெருங்க நெருங்கப் பயமாக இருக்கிறது. பையனுக்கு நாலரை வயது. அவனிடம் இதையெல்லாம் சொல்லலாமா? சொன்னால் எப்படி?"

சிட்னியின் மேற்கு ஓரத்துக்குக் குடிபோகும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வருடா வருடம் செப்டம்பரில் இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடும். மெல்பர்னின் வடக்கு ஓரத்தில் புல்வெளி பார்த்த வீடு வாங்கியவர்களும் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு ஏற்கெனவே ஆளுக்கொரு யோசனை சொல்லப்பட்டிருக்கும். பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருவர், கைபேசியில் தீ எச்சரிக்கை ஆப்பைக் காட்டு என்று இன்னொருவர், பிள்ளையை எதற்குப் பயமுறுத்துகிறாய், பேசாமல் இரு என்று ஊரிலிருந்து மாமியார்.

நாங்கள் சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ் மலையடிவாரத்தில் ஆறு கோடையைக் கடந்துவிட்டோம். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்தரை. கீழே சொல்லும் ஐந்து வழிகளையும் வீட்டில் முயன்று பார்த்தாயிற்று. சிலவற்றில் நன்றாகவே சொதப்பினோம், அதையும் சொல்கிறேன்.

## ஒப்பிடும் முன்: எதைச் சொல்லித்தரப் போகிறோம்?

நான் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவள். ஐப்பசி, கார்த்திகையில் ரேடியோவில் "நாகை துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று வரும். 3 என்றால் என்ன, 5 என்றால் என்ன என்று எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. கூண்டு ஏறினால் பள்ளிக்கூடம் லீவு, அவ்வளவுதான். கூண்டில் மொத்தம் 11 எண்கள் உண்டு என்பதே எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். எண் தெரிந்தது, அந்த எண்ணுக்கு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் தீ அபாயப் பலகையின் நிறத்தை ஒப்பிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூண்டுதான் ஞாபகம் வருகிறது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. கூண்டு ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, தீ அபாய மதிப்பீடு. நெடுஞ்சாலை ஓரத்தில் அரைவட்டப் பலகையில் முள் நிற்குமே, அது. 2022 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே முறை: பச்சையில் மாடரேட், மஞ்சளில் ஹை, ஆரஞ்சில் எக்ஸ்ட்ரீம், அடர் சிவப்பில் கேட்டஸ்ட்ரோஃபிக், அதாவது பேரழிவு நிலை. பச்சைக்கும் கீழே ஒரு வெள்ளைப் பட்டை. அன்றைக்கு மதிப்பீடு எதுவும் இல்லை என்று பொருள். இதற்கு முன்பு ஆறு நிலைகள் இருந்தன. அதனால்தான் பழைய ஆட்கள் இன்னமும் "வெரி ஹை", "சிவியர்" என்று பேசுவார்கள். இந்தப் பலகை சொல்வது ஒன்றே ஒன்று: இன்று தீப் பிடித்தால் அது எவ்வளவு மோசமாக இருக்கும். எங்கும் தீ எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது, எச்சரிக்கை. ஏற்கெனவே தீ எரிந்துகொண்டிருக்கும்போது வருவது. ஆப்பிலும் டிவி வரைபடத்திலும் முக்கோணமாகத் தெரியும். மஞ்சள் அட்வைஸ், ஆரஞ்சு வாட்ச் அண்ட் ஆக்ட், சிவப்பு எமர்ஜென்சி வார்னிங்.

மஞ்சள் இரண்டிலும் இருக்கிறது, ஆரஞ்சும் இரண்டிலும் இருக்கிறது. போன டிசம்பரில் டிவியில் மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்துச் சின்னவள் பெருமையாக "ஹை!" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, என் கணவருக்கே அந்த வித்தியாசம் அன்றுதான் உறைத்தது.

எட்டு வயதுக்குக் கீழே முதலாவதை மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்பது என் கட்சி. மதிப்பீடு முந்தின நாள் மாலையே தெரிந்துவிடும். குடும்பம் நிதானமாக இருக்கும் நேரம் அது. முக்கோணம் வருவது பெரியவர்களே பதறிக்கொண்டிருக்கும் நேரத்தில். அப்போது குழந்தையின் வேலை நிறம் படிப்பதல்ல, சொன்னதைச் செய்வது.

## எதை வைத்து எடை போடுவது

ஒரு வழி நல்லதா என்று பார்க்க எனக்கு ஐந்து கேள்விகள்.

குழந்தை ஏதாவது செய்யப் பழகுகிறதா, வெறுமே சொல்லப் பழகுகிறதா? இதற்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன்.

பயம் எவ்வளவு மிஞ்சுகிறது? கொஞ்சம் பயம் நல்லதுதான். ராத்திரி தூக்கத்தில் அழும் அளவுக்கு வேண்டாம்.

பெரிய லீவில் வேலை செய்யுமா? டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி முடியப் பள்ளி கிடையாது. வெயிலும் காற்றும் உச்சத்தில் இருப்பது அப்போதுதான்.

சீசன் முழுக்கத் தாங்குமா? நியூ சவுத் வேல்ஸில் சட்டப்படி தீ அபாயக் காலம் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, ஆறு மாதம். அக்டோபரில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஸ்பிரிங்வுட், வின்மலி சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 200 வீடுகள் எரிந்தது 2013 அக்டோபர் 17-ல், கோடை பிறக்கும் முன்பே.

ஐந்தாவதை இங்கே யாரும் எழுத மாட்டார்கள், நம் வீடுகளுக்கு மட்டுமே பொருந்துவது: ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் அது புரியுமா? அப்பா அம்மா வேலைக்குப் போகும் ஜனவரியில் பிள்ளையோடு வீட்டில் இருப்பது அவர்கள்தான்.

## வழி 1: சமையலறைச் சுவரில் முள் பலகை

அட்டையில் அரைவட்டம் வரைந்து, நான்கு நிறம் தீட்டி, நடுவில் ஒரு முள்ளைக் குத்தி ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மாட்டுவது. எங்கள் வீட்டில் அரைவட்டத்துக்கு அளவு என் மாமியாரின் எவர்சில்வர் தாம்பாளம், முள் ஒரு ஐஸ்கிரீம் குச்சி. செலவு என்று பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

இரவு சாப்பாடு முடிந்ததும் நான் தீயணைப்புத் துறையின் தளத்தில் நாளைய மதிப்பீட்டைப் பார்த்துச் சொல்வேன், சின்னவள் ஸ்டூலில் ஏறி முள்ளை நகர்த்துவாள். அவளுக்கு அது பதவி. அண்ணன் தொட்டால் சண்டைதான்.

முதல் வருடம் பலகையில் நிறமும் பெயரும் மட்டும் எழுதியிருந்தோம். பிள்ளைகள் அழகாக ஒப்பித்தார்கள். "சரி, ஆரஞ்சு வந்தா என்ன செய்வோம்?" என்று கேட்டேன். பெரியவன் யோசித்துவிட்டு "ஆரஞ்சு கலர்ல டிரஸ் போடுவோமா?" என்றான். பள்ளியில் நிறத்துக்கு ஒரு நாள் கொண்டாடுவார்கள், அந்த ஞாபகம். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் நாகப்பட்டினக் கூண்டு ஞாபகம் வந்தது.

அடுத்த வருடம் ஒவ்வொரு நிறத்துக்கும் கீழே ஒரு வேலையைப் படமாக வரைந்தோம். பச்சையில் பையைச் சரிபார். மஞ்சளில் பையை வாசல் பக்கம் வை, வெளியில் கிடக்கும் கால்மிதியையும் பிளாஸ்டிக் பொம்மைகளையும் உள்ளே எடு. ஆரஞ்சில் நீள்கைச் சட்டை, ஷூ, அம்மா அப்பா கண் பார்வையில் இரு. அடர் சிவப்பில் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பு. அதிகாரபூர்வ வாசகங்களின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான்: திட்டமிடு, தயாராக இரு, இப்போதே செயல்படு, உயிர் பிழைக்க அபாயப் பகுதியை விட்டுப் போ. அந்த அடர் சிவப்புக்குத் தமிழில் என்ன சொல்வது என்று நான் தடுமாறியபோது மாமியார் "அது அரக்குக் கலர்தானே" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு இன்றுவரை அதுதான் பெயர். அரக்கு. ஆனால் ரேடியோவில் "கேட்டஸ்ட்ரோஃபிக்" என்றுதான் வரும், பிள்ளைக்கு அந்தச் சொல்லும் காதில் விழுந்து பழகியிருக்க வேண்டும். அதனால் முள்ளை நகர்த்தும்போது இரண்டையும் சொல்ல வைக்கிறேன்.

மறைவான செலவு: மறதி. நவம்பர் நடுவில் ஒரு நாள் பார்த்தால் முள் ஒன்பது நாளாகப் பச்சையிலேயே கிடக்கிறது. பழைய நிறத்தைக் காட்டும் பலகை, பலகையே இல்லாததைவிட மோசம். இன்னொன்று, சிக்னலில் பச்சை என்றால் போ என்று பழகிய பிள்ளைக்கு இந்தப் பச்சையும் "ஒன்றுமில்லை" என்றே படும். மாடரேட் என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. பச்சைக்கும் ஒரு வேலை வைத்தது இதற்காகத்தான்.

மதிப்பீடு பெரிய வட்டாரத்துக்கே ஒன்று என்பதையும் சொல்லிவிடுங்கள். சிட்னி துறைமுகப் பாலத்துக்கும் மலை மேல் இருக்கும் கட்டூம்பாவுக்கும் ஒரே முள்தான். டவுனில் இருக்கும் சித்தப்பா வீட்டிலும் அரக்கு, நம் வீட்டிலும் அரக்கு என்றால் நாம் மட்டும் ஏன் கிளம்ப வேண்டும் என்று ஐந்து வயது கேட்கும். எங்களிடம் கேட்டது. "சித்தப்பா வீட்டுக்குப் பின்னாடி காடு இருக்கா?" என்று திருப்பிக் கேட்டேன், புரிந்துகொண்டாள்.

## வழி 2: பள்ளி, தீயணைப்பு வீரர்களின் வருகை

சீருடையில் ஒருவர் வந்து சொன்னால் பிள்ளைகள் கேட்பதே தனி. தீயணைப்பு வண்டியில் ஏறி உட்காருவது, முகமூடி மாட்டும்போது ஒவ்வொரு துண்டாகக் காட்டுவது எல்லாம் நல்ல பழக்கம். புகைக்குள் அந்த உருவத்தைப் பார்த்தால் பிள்ளை ஓடி ஒளியாமல் இருக்க வேண்டும் இல்லையா? மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலிய செஞ்சிலுவைச் சங்கம் தலையணை உறைப் பயிலரங்கம் நடத்துகிறது. பிள்ளை தன் உறையில் படம் வரைந்து, அவசரத்தில் எடுத்துப்போக வேண்டியதை அதில் போட்டு வைக்கும். 2005-ல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் கல்லூரி மாணவர்கள் உடைமைகளைத் தலையணை உறையில் அள்ளிக்கொண்டு கிளம்பியதிலிருந்து பிறந்த யோசனை. பெரியவன் கொண்டுவந்த உறை இன்னும் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது.

மறைவான செலவு இரண்டு. ஒன்று மேலேயே சொன்னது, பெரிய லீவு. இன்னொன்றை நான் மெல்லத்தான் கண்டுபிடித்தேன். பாலர் பள்ளிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பது வீட்டுக்குள் பிடிக்கும் தீயைப் பற்றி. குனிந்து தவழ்ந்து வெளியே போ, போனபின் திரும்ப உள்ளே வராதே. நூற்றுக்கு நூறு சரியான பாடம். ஆனால் காட்டுத்தீ வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் வெளியே ஓடுவதுதான் கொல்லும். தீயின் அனல் தூரத்திலிருந்தே ஆளைச் சாய்த்துவிடும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்து தீமுனை கடந்து போகும்வரை காத்திருப்பதே பிழைக்க வழி. ஒரே பிள்ளையின் தலையில் "தீ என்றால் வெளியே ஓடு" மட்டும் பதிந்திருந்தால்?

எங்கள் வீட்டில் இதை இரண்டு வரியாக்கினோம். வீட்டுக்குள்ள தீ: வெளியே போ. காட்டுல தீ: பெரியவங்க கையை விடாதே. எப்போது கிளம்புவது, எப்போது உள்ளே இருப்பது என்பதெல்லாம் கையைப் பிடித்திருப்பவரின் கவலை.

பள்ளி அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் பள்ளி காட்டுத்தீ அபாயப் பட்டியலில் இருக்கிறதா? விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் அந்தப் பட்டியலில் இருக்கும் பள்ளிகளை கேட்டஸ்ட்ரோஃபிக் நாளில் மூடிவிடுவார்கள். அன்று பிள்ளை யாரிடம் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

## வழி 3: கைபேசியில் ஆப்

நியூ சவுத் வேல்ஸில் ஹசார்ட்ஸ் நியர் மீ, விக்டோரியாவில் விக்எமர்ஜென்சி. பெற்றோர் கைபேசியில் கட்டாயம் இருக்க வேண்டியவை. வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தால் அதற்குள் எது நடந்தாலும் தெரிவிக்கும்.

சின்னப் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம். வரைபடத்தில் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தீயும் விரலால் சுருக்கினால் நம் வீட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாலு வயதுக்குத் தூரம் தெரியாது. டிவி செய்தியும் இப்படித்தான்: ஒரே காட்சியை ஆறு முறை போட்டால் ஆறு வீடு எரிந்ததாகவே குழந்தை எடுத்துக்கொள்ளும்.

பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 2019–20 கோடையில் நியூ சவுத் வேல்ஸின் தென் கடற்கரைப் பக்கம் மின்சாரம் போய், கோபுரங்கள் செத்து, பல ஊர்களில் போன் வேலை செய்யவில்லை. பேட்டரி ரேடியோவில் ஏபிசி என்ற அரசு வானொலியின் உள்ளூர் ஒலிபரப்பு கேட்கத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஆப்பை மட்டும் நம்பிப் பிள்ளையை வளர்த்தால், திரை கறுத்தவுடன் வீட்டில் எல்லாருக்கும் கை ஓடாது.

ஒன்பது, பத்து வயதுக்கு மேல் இதுவே நல்ல வழி. முக்கோணம் எது, முள் எது என்று அப்போது பிரித்துச் சொல்லித்தரலாம்.

## வழி 4: கதை

இது மாமியார் கண்டுபிடித்த வழி. "அரக்கு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரி அரக்கு மாளிகைக் கதையைத் தொடங்கிவிட்டார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். விதுரர் பூடகமாகச் சொன்ன எச்சரிக்கையைத் தருமர் புரிந்துகொள்கிறார். ஆள் வைத்துச் சுரங்கம் தோண்டுகிறார்கள். வெளியில் ஒன்றும் தெரியாதது போல இருந்தார்கள். தீப் பிடித்ததும் பீமன் அம்மாவையும் அண்ணன் தம்பிகளையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். எச்சரிக்கை, முன்னேற்பாடு, வெளியேறும் வழி, யார் யாரைத் தூக்குவது என்று எல்லாமே அதில் இருக்கிறது. இத்தனை வருடம் கேட்ட கதையை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததே இல்லை.

"அவங்க முன்னாடியே தோண்டிட்டாங்கல்ல அப்பாயி?" என்று சின்னவள் கேட்டாள்.

"ஆமாண்டி கண்ணு. தீ வந்தப்புறம் தோண்ட முடியுமா?"

இந்த ஒரு பதிலுக்காகவே கதைக்கு முழு மார்க் கொடுத்திருப்பேன். ஆனால் பெரியவன் அடுத்த கேள்வியைப் போட்டான்: "அந்த வீட்டுல தூங்கின இன்னொரு அம்மாவும் அஞ்சு பசங்களும் என்ன ஆனாங்க?" மாமியார் என்னைப் பார்த்தார், நான் குழாயைப் பார்த்தேன்.

மறைவான செலவு அதுதான். இந்தக் கதையில் யாரோ நம்மைத் தீ வைத்துக் கொல்லப் பார்க்கிறார்கள். நாலைந்து நாள் சின்னவள் "நம்ம வீட்டுக்கு யாரு தீ வைப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மின்னல், காய்ந்த புல், காற்று என்று வேறு கதை சொல்லி அதை அழிக்க வேண்டியிருந்தது. கதை சொல்வதென்றால் வீட்டுக்கென்றே ஒன்றைப் புனைந்துகொள்வது உத்தமம். பையை எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிப் போன ஒரு வாம்பட் (வளை தோண்டி வாழும் இந்த ஊர் விலங்கு) குடும்பம், அவ்வளவு போதும். மூன்று, நான்கு வயதுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. தாத்தா பாட்டி முழு மனதோடு கலந்துகொள்ளும் வழியும் இது ஒன்றுதான்.

## வழி 5: ஒத்திகை

ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். பையை எடுத்து, உடை மாற்றி, காரில் ஏறி, போக வேண்டிய இடத்துக்கு நிஜமாகவே போய் வருவது.

எங்கள் முதல் ஒத்திகை படுதோல்வி. என் கணவர் ஆர்வக்கோளாறில் போனில் சைரன் சத்தம் போட்டுவிட்டார். பெரியவனுக்கு அப்போது நான்கு வயது. ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். வெளியே எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம் மூன்று இரவு ஷூவைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன் என்று அடம். மொத்தம் 41 நிமிடம் கழித்து கார் நகர்ந்தபோது பூனை வீட்டுக்குள்ளேயே இருந்தது.

இரண்டாவது முறை சைரன் இல்லை. "நாளைக்கு முள் அரக்குக்குப் போகுதுன்னு வெச்சுக்குவோம், பெரியம்மா வீட்டுக்குப் போலாமா?" என்று முந்தின நாள் மாலையே சொன்னோம். காலையில் கிளம்பி டூங்காபியில் அக்கா வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தோம். கிளம்ப 17 நிமிடம். நிஜத்திலும் கேட்டஸ்ட்ரோஃபிக் நாளில் செய்ய வேண்டியது இதுதானே? முந்தின இரவோ விடியற்காலையோ, தீயே இல்லாதபோது கிளம்புவது. புகை தெரிந்தபின் ஓடுவதை ஒத்திகை பார்த்தால் பிள்ளைக்குத் தாமதத்தைத்தான் பழக்குகிறோம்.

பெரியவர்களுக்குள்ளேயே எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்று ஒத்திகைதான் காட்டும். அன்று மாமியார் கட்டியிருந்தது பளபளவென்று ஒரு சிந்தெடிக் புடவை. செயற்கை இழை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பருத்தியோ கம்பளியோதான் வேண்டும். இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே சின்னவள் பலகையைக் காட்டிச் சொல்லிவிட்டாள்: "அப்பாயி, உன் டிரஸ் தப்பு." இப்போது அவர் பையில் மதுரையிலிருந்து வந்த சுங்குடிப் புடவை ஒன்று தனியாக இருக்கிறது, பக்கத்தில் கேன்வாஸ் ஷூ. ரப்பர் செருப்பு இல்லை.

மறைவான செலவுகள்: வருடத்துக்கு இரண்டு சனிக்கிழமை, பெட்ரோல், போகிற வீட்டாரின் பொறுமை. அதோடு "போனோமே, ஒண்ணும் எரியலையே" என்ற கேள்வி. அதைப் பிள்ளை கேட்கும்முன் கணவர்கள் கேட்பார்கள். எரியாமல் வீடு அப்படியே இருப்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளக் கூடாது, சந்தோஷப்பட வேண்டும் என்று நாம்தான் முகத்தில் காட்ட வேண்டும்.

இன்னொரு செலவு கொஞ்சம் கசப்பானது. குழந்தையோடு ஒத்திகை பார்க்க உங்களிடம் முதலில் திட்டம் இருக்க வேண்டும். எந்த வீட்டுக்குப் போவது, எந்த வழி, அடைத்திருந்தால் வேறு எந்த வழி, பூனையை யார் தூக்குவது. மலையடிவாரத்தில் எங்கள் தெருவைப் போல ஒரே வாய் உள்ள தெருக்கள் நிறைய. பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டுவரும் பலரிடம் நான் திருப்பிக் கேட்பது "நீங்க எங்கே போவீங்க?" என்பதுதான். அங்கே பேச்சு நின்றுவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் வயது | செயல் பழகுமா | பயம் | பெரிய லீவில் | தாத்தா பாட்டி |
|---|---|---|---|---|---|
| முள் பலகை | 5–8 | வேலையும் எழுதியிருந்தால் மட்டும் | குறைவு | உதவும் | நிறம் புரியும் |
| பள்ளி, வீரர் வருகை | 4-க்கு மேல். தலையணை உறை 8-க்கு மேல் | ஓரளவு | குறைவு | இல்லை | எட்டாது |
| ஆப் | 9-க்கு மேல் | இல்லை | அதிகம் | உதவும், போன் வேலை செய்தால் | கடினம் |
| கதை | 3–5 | இல்லை, அடித்தளம் மட்டும் | கதையைப் பொறுத்து | உதவும் | அவர்கள்தான் ஆசிரியர் |
| ஒத்திகை | 3-க்கு மேல் | ஆம் | சைரன் இல்லையென்றால் குறைவு | உதவும் | கூடவே பழகுவார்கள் |

## யாருக்கு எது

காட்டுக்கும் புல்வெளிக்கும் தள்ளி, நகரத்துக்குள் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பள்ளியே போதும். லீவுக்குக் கடற்கரைப் பக்கமோ மலைப்பக்கமோ போகும்போது மட்டும் சாலையோரப் பலகையைக் காட்டி இரண்டு வார்த்தை பேசுங்கள். 2019 டிசம்பர் 31 அன்று விக்டோரியாவின் மல்லகூட்டா ஊரில் காட்டுத்தீயால் கடற்கரையில் சிக்கிக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்களில் விடுமுறைக்கு வந்தவர்கள் ஏராளம்.

மெல்பர்ன் ஓரத்தில் புல்வெளி பார்த்த வீடு என்றால் ஒத்திகையில் கஞ்சத்தனம் வேண்டாம். மரம் இல்லை, எனவே பயமில்லை என்று நினைப்பவர்கள் அங்கே அதிகம். காய்ந்த புல்லில் தீ மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்வரை ஓடும். எந்தப் பிள்ளையாலும் அதை முந்த முடியாது.

ஏற்கெனவே ஒரு தீயைப் பார்த்த குழந்தை, அல்லது இயல்பிலேயே பயந்த சுபாவம் என்றால் பலகையிலிருந்து தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே சின்ன வேலை. முள்ளைத் தானே நகர்த்தும் பிள்ளைக்கு அதன் மேல் ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. ஒத்திகையை இரண்டு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் எதுவும் சொல்லித்தர வேண்டாம். நீங்கள் பழகுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது நிற்பது பலகையும் ஒத்திகையும். ஆப் எங்கள் இருவர் போனில். இவை இரண்டுக்கும் நடுவே எதிர்பாராமல் ஒரு பாடம் கிடைத்தது பொங்கலில். ஜனவரி நடுவில் பின்கட்டில் செங்கல் அடுக்கி விறகு வைத்துப் பானை ஏற்றுவது எங்கள் வழக்கம். ஒரு வருடம் பொங்கலன்று முழுத் தீத் தடை அறிவித்துவிட்டார்கள். முள்ளும் தடையும் ஒன்றல்ல, தடை தனியாக வரும். ஆனால் முள் ஆரஞ்சுக்கு ஏறினால் பெரும்பாலும் தடையும் கூடவே வந்துவிடும். விறகு கூடாது. அகல் விளக்கைக்கூட வெளியில் வைக்கக் கூடாது. வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நின்று, தண்ணீர்க் குழாய் கை எட்டும் தூரத்தில், சுற்றி 2 மீட்டருக்குக் காய்ந்தது எதுவும் இல்லாமல் கேஸ் பார்பிக்யூ மூட்டலாம், அவ்வளவுதான். நாங்கள் அந்த வம்பே வேண்டாம் என்று சமையலறை அடுப்பில் வைத்தோம். பால் பொங்கி வழிந்து கண்ணாடி அடுப்பு முழுக்கக் கருகியது. "வெளியே ஏன் வைக்கல?" என்று கேட்ட பெரியவனைச் சின்னவள் பலகைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

## தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஃப்ரிட்ஜில் ஒரு காகிதம், கொட்டை எழுத்தில், தமிழில். அவசரம் என்றால் 000. ஆங்கிலம் வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு 131 450, ஆனால் அது 000-க்கு மாற்று அல்ல. 000-ல் எடுத்தவுடன் "ஃபயர்" என்றும் "தமிழ்" என்றும் சொல்லத் தெரிந்திருந்தால் போதும் என்று மாமியாருக்குப் பழக்கியிருக்கிறேன். வீட்டு முகவரியைச் சின்னவள் ஆங்கிலத்தில் சொல்வாள், அதை அவளுக்குப் பாட்டாக்கிக் கொடுத்தோம்.

அப்புறம், கார். மாமியாருக்கு ஓட்டத் தெரியாது. எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற தம்பதி இருக்கிறார்கள், கிளம்பினால் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போன வருட ஒத்திகையில் அவர்கள் காரில் ஏற்றிப் பார்த்தபோதுதான் சின்னவளுக்கு உட்கார இருக்கை இல்லை என்று தெரிந்தது. ஏழு வயதுவரை குழந்தை இருக்கை கட்டாயம், எங்களுடையதோ என் காரோடு அலுவலகத்தில் நிற்கும். அன்று சாயங்காலமே பழைய பூஸ்டர் இருக்கை ஒன்றைத் துடைத்து அவர்கள் கராஜில் கொண்டுபோய் வைத்தேன். அதன் மேல் சின்னவள் ஒரு அரைவட்டம் வரைந்து ஒட்டியிருக்கிறாள், முள் மஞ்சளில்.